தலைமுறைப் பட்டியலும் பரிணாமமும்

பெங்களூர் சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறுகிறது. நவநாள் முடிந்து செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறப்பு விழா. காவி உடுத்தி வந்தவர்களும் நேர்ச்சைக்காகக் கால்நடையாய் வந்தவர்களும் அடுத்தடுத்து நடக்கும் திருப்பலிகளில் நெருக்கியடித்து நிற்பார்கள். சேலை உடுத்திய ஆரோக்கிய மாதாவின் தேர் பவனிக்குத் தெருவே நிரம்பிவிடும். அந்த நாளுக்குத் திருச்சபை குறித்திருக்கும் நற்செய்தி மத்தேயுவின் முதல் அதிகாரம். அதன் முதல் பதினாறு வசனங்களில் புதுமையும் இல்லை, உவமையும் இல்லை. இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று ஆபிரகாமில் தொடங்கி யோசேப்புவரை நீளும் பெயர்கள் மட்டுமே. கேட்பவர்கள் களைத்துப்போவார்கள் என்பதாலோ என்னவோ, அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் குறுகிய வாசகத்தை மட்டும் படிக்கவும் அனுமதி உண்டு. ஆனால் பரிணாமத்தை ஒரு கத்தோலிக்கர் ஏற்கலாமா, ஏற்றுக்கொண்டால் படைத்தவருக்கு அதில் என்ன இடம் என்ற கேள்விக்கு நான் அறிந்த நல்ல விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை இறைவனின் செயல் என்று நம்பி ஆமென் சொல்லும் ஒருவர் பரிணாமத்தைக் கண்டு அஞ்சக் காரணமில்லை. கடவுளைக் காப்பாற்ற, உயிர்களின் சிக்கலான உறுப்புகளை அறிவுள்ள ஒருவரே வடிவமைத்திருக்க வேண்டும் என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற அமெரிக்கக் கொள்கையின் துணையும் அவருக்குத் தேவையில்லை.

திருச்சபையின் நிலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தது. ரோமையின் தடைநூல் பட்டியலில் அது ஒருநாளும் ஏறவில்லை. பரிணாமத்தை ஆதரித்து எழுதிய சில குருக்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெருக்கடி வந்தது உண்மை; இயேசு சபைக் குரு தெயார் தெ ஷார்தானின் நூல்களைப் பற்றி 1962இல் எச்சரிக்கை வந்ததும் உண்மை. ஆனால் 1950 ஆகஸ்ட் 12 அன்றே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ‘ஹ்யூமானி ஜெனரிஸ்’ சுற்றுமடலில், மனித உடல் முன்பிருந்த உயிர்களிலிருந்து தோன்றியதா என்று அறிஞர்கள் ஆராய்வதற்குத் தடையில்லை என்றும், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்றும் எழுதினார். 1996 அக்டோபர் 22 அன்று இரண்டாம் யோவான் பவுல் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு அனுப்பிய செய்தியில், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார். பல துறைகளில் தனித்தனியே நடந்த ஆய்வுகள், ஒன்றையொன்று எதிர்பார்க்காமலே, ஒரே முடிவில் வந்து சேர்ந்ததைத்தான் அவர் காரணமாகக் காட்டினார். அதே கழகத்தில் 2014 அக்டோபர் 27 அன்று பேசிய பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த மாயவித்தைக்காரராகக் கற்பனை செய்ய வேண்டாம் என்றார். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

ஆனால் திருத்தந்தையர் சொன்னார்கள் என்பதற்காகப் பரிணாமம் உண்மையாகிவிடாது. சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும். சான்று தேட சிவாஜிநகரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. பேராலயத்தை ஒட்டிய பகுதியில் மெட்ரோவுக்காகப் பூமிக்குள் சுரங்கம் போட்ட எந்திரங்கள் முட்டிக்கொண்டது இந்த நகரத்தின் அடியில் கிடக்கும் கடும்பாறையோடு. அதே தொன்மையான பாறைக்குடும்பம் சில கிலோமீட்டர் தள்ளி லால்பாக்கில் வெளியே தலைகாட்டுகிறது. கெம்பே கௌடரின் காவல் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைமேடு தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். குரங்கு மனிதனாக மாறியதை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று கேட்பவர்கள், லால்பாக் பாறை உருவானதையும் யாரும் பார்க்கவில்லை என்பதை யோசிக்க வேண்டும். பாறைக்குள் இருக்கும் கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் வேகத்தைக் கொண்டு வயதைக் கணக்கிடுகிறார்கள். உயிர்களின் வரலாற்றையும் அப்படித்தான், அவை விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு படிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மழை தொடங்கும் பருவத்தில் சில நாள்கள் மட்டும் இணைசேர வெளியே வரும் ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் பாதாளத் தவளை என்பார்கள். 2003இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசூட்டும் அதை அறிவியல் உலகுக்கு விவரித்தபோது, அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இந்தியாவில் எங்கும் இல்லை, கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில்தான் இருக்கின்றன என்று தெரிந்தது. தவளை கடல்நீரைத் தாங்காது. ஆனால் இந்தியாவும் செஷல்சும் ஒருகாலத்தில் ஒரே நிலப்பரப்பாய் இருந்து பிரிந்தவை. தனியே படைத்து இரண்டு இடங்களில் வைத்தார் என்று சொல்வதைவிட, ஒரு குடும்பம் நிலத்தோடு சேர்ந்து பிரிந்தது என்பது எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்குகிறது.

திமிங்கிலத்தின் கதையும் நம் துணைக்கண்டத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் நிலவியலாளர் ஏ. ரங்க ராவ் சேகரித்த பாறைகள் அவர் காலத்துக்குப் பிறகு ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தன. பாறையிலிருந்து எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்த உதவியாளரின் கையில் ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காது எலும்பின் தடித்த விளிம்பு, திமிங்கில இனத்துக்கே உரிய அடையாளம். 2007இல் வெளியான அந்த ஆய்வு, ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்தோஹையஸ் என்ற சிறு குளம்பு விலங்கைத் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவாக நிறுத்தியது. கட்ச் பகுதியில் சுனில் பாஜ்பாய் முதலானோர் எடுத்த எலும்புகள் கால்களோடு இருந்த பழைய திமிங்கிலங்களைக் காட்டுகின்றன. இன்றும் டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு தோன்றி மறைகிறது. நம் உடலிலும் இதே கதைதான். வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளும் மரபணு பெரும்பாலான பாலூட்டிகளில் வேலை செய்கிறது. நம்மிடமும் மனிதக் குரங்குகளிடமும் அது பழுதாகி, எச்சமாகக் கிடக்கிறது. மனிதக் குரங்குகளுக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், முனைகளில் மட்டுமே இருக்க வேண்டிய வரிசை இருக்கிறது. இரண்டு ஒட்டி ஒன்றானதன் தழும்பு அது. இவ்வளவையும் கடவுள் நம்மை ஏமாற்றவென்று வைத்தார் என்று சொல்ல எந்தக் கத்தோலிக்கருக்கும் மனம் வராது.

இனி பட்டியலுக்கு வருகிறேன். மரியாவுக்கு முன் அதில் நான்கு பெண்கள் வருகிறார்கள். மாமனார் யூதாவை ஏமாற்றிப் பிள்ளை பெற்ற தாமார். எரிகோ நகரின் விலைமகள் இராகாபு. வேற்றினத்து மோவாபியப் பெண் ரூத்து. பெயர் சொல்லப்படாமல் உரியாவின் மனைவி என்று மட்டும் குறிக்கப்படும் பத்சேபா. நான்காவது பெண்ணின் கணவனைத் தாவீது அரசர் போர்முனையில் நிறுத்திக் கொல்ல வைத்தார். ரூத்தின் கதையில் எத்தனை தற்செயல்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெத்லகேமில் பஞ்சம் வராவிட்டால் நகோமியின் குடும்பம் மோவாபுக்குப் போயிருக்காது. மகன்கள் சாகாவிட்டால் ரூத்து மாமியாரோடு திரும்பியிருக்க மாட்டாள். கதிர் பொறுக்கப் போனவள் போவாசின் வயலுக்குள் நுழைந்தது தற்செயலாய் நடந்தது என்று விவிலியமே சொல்கிறது. அந்த வயலில் தொடங்கிய உறவிலிருந்துதான் ஓபேது, ஓபேதிலிருந்து ஈசாய், ஈசாயிலிருந்து தாவீது. இந்தத் தொடரில் எங்கும் கடவுள் வானத்தைக் கிழித்து இறங்கி ஒரு பிறப்பைச் செய்துவைத்ததாகப் பட்டியல் சொல்லவில்லை. ஆணும் பெண்ணும் கூடினார்கள், பஞ்சம் வந்தது, போர் நடந்தது, பாவம் நடந்தது, நாடுகடத்தல் நடந்தது. இருந்தும் இந்தத் தொடர் முழுவதும் இறைவனின் திட்டம் என்று திருச்சபை பீடத்தில் நின்று அறிக்கையிடுகிறது. எந்த ஒரு பெயரையும் சுட்டி, இந்த இடத்தில்தான் கடவுள் கைவைத்தார், மற்ற இடங்களில் இயற்கை நடந்தது என்று பிரிக்க முடியாது. கத்தோலிக்கர் இறைப் பராமரிப்பு என்று சொல்வது இதைத்தான்.

பரிணாமத்தின் மீது வைக்கப்படும் பெரிய ஆட்சேபம் இங்கேயே விழுந்துவிடுகிறது. குருட்டுத்தனமான தற்செயலால் உயிர்கள் வந்தன என்றால் அதில் நோக்கம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். உயிரியலாளர் மரபணு மாற்றத்தைத் தற்செயல் என்று சொல்லும்போது, அந்த மாற்றம் உயிரின் தேவையை அறிந்து வருவதில்லை என்பதுதான் பொருள். வந்த மாற்றங்களில் எது நிலைக்கும் என்பதை இயற்கைத் தேர்வு முடிவுசெய்கிறது. தேவையை அறியாமல் வருவது என்பதும் கடவுள் அறியாமல் வருவது என்பதும் வேறு வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாக வகுத்துவிட்டார். கடவுளின் பராமரிப்பு சிலவற்றைக் கட்டாயமாக நிகழவும், சிலவற்றை நிகழலாம் நிகழாமலும் போகலாம் என்ற வகையில் நிகழவும் விரும்புகிறது. தற்செயல் நிகழ்வும் உண்மையான தற்செயலாகவே அவரது திட்டத்துக்குள் அடங்கும் என்பது அவர் கருத்து. கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இயங்கிய அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2004இல் வெளியிட்ட ஆவணம் இதையே பரிணாமத்துக்குப் பொருத்திச் சொன்னது. எனவே டார்வின் வந்த பிறகு சங்கடத்தில் கண்டுபிடித்த சமாதானம் என்று இதைத் தள்ள முடியாது. ரூத்து கதிர் பொறுக்கிய வயலைப் பற்றித் திருச்சபை என்ன நினைத்ததோ, அதையேதான் மரபணு மாற்றத்தைப் பற்றியும் நினைக்கிறது.

அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்பிக்கையுள்ளவர்களுக்கு அது ஆறுதல்போலத் தோன்றும். 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம் இக்கொள்கையை உயிரியல் வகுப்பில் அறிமுகப்படுத்த முயன்றது. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பள்ளி வாரியத்தின் பக்கம் சாட்சி சொன்ன முக்கிய அறிஞர் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பிஹி, அவர் கத்தோலிக்கர். பெற்றோர் பக்கம் முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், அவரும் கத்தோலிக்கர். இன்னொரு சாட்சியான ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியலாளர். ஆக, அந்த நீதிமன்றத்தில் மோதியது நம்பிக்கையும் நாத்திகமும் என்று சொல்ல வழியில்லை. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சாட்டை போன்ற உறுப்பு பல புரதங்களால் ஆனது, அதில் ஒன்றை எடுத்தாலும் அது இயங்காது, ஆகவே அது படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது பிஹியின் வாதம். ஆனால் அந்தப் புரதங்களில் ஒரு பகுதியை ஒத்த அமைப்பு, வேறு பாக்டீரியாக்களில் நஞ்சைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்கிறது. பாதி சாட்டை நீந்தாது. ஆனால் பாதிக்கும் வேறொரு வேலை உண்டு. பழைய உறுப்பு புது வேலைக்கு மாறுவதுதான் பரிணாமத்தின் வழக்கம். இரத்தம் உறைவதற்கான புரதத் தொடரையும் இப்படியே பிரிக்க முடியாதது என்று காட்டினார்கள்; அத்தொடரில் நமக்குள்ள பன்னிரண்டாம் காரணி திமிங்கிலங்களுக்கு இல்லை, அவற்றின் இரத்தம் உறையத்தான் செய்கிறது. அந்தக் காரணி இருக்கும் பகுதி தன் வாதத்துக்குள் வராது, அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் சொன்னேன் என்று பிஹி பதில் சொன்னார். அப்படி எல்லையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதுதான் அந்த வாதத்தின் பலவீனம். 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார்.

அறிவியலாக அது தோற்றது எனக்கு இரண்டாம்பட்சம். இறையியலாக அது தோற்பதுதான் முக்கியம். சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அறிவார்ந்த வடிவமைப்புக் கொள்கை கடவுளைக் குயவனாக மட்டுமே காண்கிறது. தானே இருக்கும் மண்ணை எடுத்து, அது தானாகச் செய்யமுடியாத வடிவத்தைச் செய்பவராக. கத்தோலிக்க நம்பிக்கையில் அப்படி முன்னதாக இருக்கும் மண் எதுவும் இல்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கிறவர், மண்ணையும் அதன் இயல்பையும் அது இந்த நொடியில் இருப்பதையும் சேர்த்தே தருகிறார். அவர் உலகின் காரணங்களுள் ஒரு காரணம் அல்லர், அந்தக் காரணங்களெல்லாம் காரணங்களாக இருப்பதற்குக் காரணமானவர். விடை தெரியாத இடத்தில் அவரை வைத்தால், விடை தெரியத் தெரிய அவர் பின்வாங்க வேண்டியிருக்கும். சிவாஜிநகர் இந்தப் பாடத்தைத் தன் வரலாற்றிலேயே வைத்திருக்கிறது. இன்று பேராலயம் நிற்கும் இடத்தில், செஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகச் சிறு கூரைக் கோயில் எழுப்பிய பிரெஞ்சுக் குரு துபுவா, மைசூர் நாட்டில் அம்மைத் தடுப்பூசியைப் பரப்பியவரும்கூட. நோய் தீர மன்றாடுவதும் தடுப்பூசி போடுவதும் அவருக்கு ஒன்றையொன்று விலக்கும் வேலைகளாகப் படவில்லை. பவுரிங் ஆஸ்பத்திரியில் குணமாகிவிட்டு மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்ற வரும் பெண்ணும், மருந்து பாதி மாதா பாதி என்று கணக்குப் பிரிப்பதில்லை. முழுக்க மருந்தாலும் முழுக்க மாதாவின் பரிந்துரையாலும் பிழைத்தேன் என்றுதான் நம்புகிறாள். அக்குவினாஸ் முதன்மைக் காரணம் (கடவுள்), இரண்டாம் நிலைக் காரணம் (படைப்புப் பொருள்கள்) என்று வகுத்ததை அவள் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

இதற்குத் திருச்சபைக்கு உள்ளேயிருந்தே ஒரு மறுப்பு வந்தது, அதை மதிக்க வேண்டும். 2005 ஜூலை 7 அன்று வியன்னா கர்தினால் கிறிஸ்டோஃப் ஷோன்போர்ன் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில், வழிகாட்டலும் திட்டமும் இல்லாத பரிணாமம் என்ற நவடார்வினியக் கருத்தைத் திருச்சபை ஏற்க முடியாது என்றார். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபைக் குரு ஜார்ஜ் கோயின் அவரை வெளிப்படையாக மறுத்தார். ஷோன்போர்ன் சொன்னதில் சரியான பகுதி ஒன்று இருக்கிறது: உலகில் நோக்கமே இல்லை என்பது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு அல்ல, சிலர் அதன்மேல் ஏற்றிய தத்துவம். அவரே பிற்பாடு பரிணாமக் கோட்பாட்டையும் பரிணாமவாதத்தையும் பிரித்துப் பேசினார். தவறான பகுதி, திட்டம் இருப்பதை உயிரியலின் முறைகளாலேயே காட்ட முடியும் என்ற தொனி. மத்தேயுவின் பட்டியலை எந்த வம்சாவளி ஆய்வாளரிடம் கொடுத்தாலும் அதில் கடவுளின் கைரேகையைக் கண்டுபிடிக்க மாட்டார். இருந்தும் அது இறைத்திட்டம்தான் என்று நாம் சொல்கிறோம், முடிவில் வந்தவர் யார் என்று தெரிந்ததால். உலகம் ஒழுங்கானது, அறிவுக்குப் புலப்படுவது, அறிவியல் செய்யக்கூடியது என்பதே படைத்தவரைச் சுட்டுகிறது. அந்த ஒழுங்கில் ஓட்டை தேடுவது அந்தச் சுட்டுதலையே கெடுத்துவிடும்.

ஆன்மாவை மட்டும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்றால், அதுவும் இயற்கையின் நடுவே நுழையும் ஒரு குறுக்கீடு தானே, வடிவமைப்புக் கொள்கையாளரைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை கருவறையில் இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் ஆன்மாவையும் கடவுள் நேரடியாகப் படைக்கிறார், பெற்றோர் அதை உண்டாக்குவதில்லை என்பது திருச்சபையின் பொதுப் போதனை. இந்தப் போதனையால் எந்த மகப்பேறு மருத்துவரின் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி மாறவில்லை. கருமுட்டை பிளவுறுவதிலோ இதயம் துடிக்கத் தொடங்குவதிலோ விளக்கம் குறையும் ஓர் இடத்தை நாம் தேடிப் போவதும் இல்லை. உடல் முழுக்க இயற்கையான வழியில் உருவாகிறது, அந்த ஆள் முழுக்கக் கடவுளால் படைக்கப்பட்டவர். இரண்டையும் கத்தோலிக்கத் தாய்மார் எந்தச் சிரமமும் இல்லாமல் ஒரே மூச்சில் நம்புகிறார்கள். ஒரு பிள்ளை விஷயத்தில் முரண்படாதது மனிதகுலத்தின் விஷயத்தில் ஏன் முரண்பட வேண்டும்? கால அளவு ஒன்பது மாதத்திலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு மாறுகிறது, வாதத்தின் அமைப்பு மாறவில்லை. மாதாவின் பிறப்பு விழாவே இதற்குச் சாட்சி. அமல உற்பவியாக வந்தவர் என்று நாம் அறிக்கையிடும் அவர்கூட, தாயும் தகப்பனும் கூடிப் பெற்ற குழந்தைதான்.

உண்மையில் கடினமான இடம் ஆதாம். பன்னிரண்டாம் பயஸ் அதே 1950 சுற்றுமடலில், மனிதகுலம் ஒரே தம்பதியிடமிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்ற கருத்தைப் பிறப்புநிலைப் பாவத்தின் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று புலப்படவில்லை என்றார். ஒருபோதும் பொருந்தாது என்று அவர் எழுதவில்லை. அந்த இடைவெளி கவனமாக விடப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன். இன்றைய மரபணுவியலோ நம் முன்னோர் கூட்டம் எந்தக் காலத்திலும் இருவராகச் சுருங்கியதாகக் காட்டவில்லை. சில ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தைத்தான் பெரும்பாலான கணக்குகள் தருகின்றன. இறையியல் ஆணைக்குழுவின் 2004 ஆவணம், ஏறக்குறைய 1,50,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் பொதுவான மரபுவழி கொண்ட ஒரு கூட்டத்திலிருந்து மனித இனம் தோன்றியது என்பதற்கான சான்று வலுவானது என்றே சொல்கிறது. தொடக்கநூலின் வீழ்ச்சிக் கதை உருவக மொழியில் பேசினாலும் மனித வரலாற்றின் தொடக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறது என்பது திருச்சபையின் மறைக்கல்வி. விவிலியம் எப்படிப் பேசும் என்பதை இங்கேயும் மத்தேயுவிடமே கற்கலாம். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாசு, அமட்சியா என்று மூன்று அரசர்களை அவர் விட்டுவிடுகிறார். அவர்கள் பெயர் குறிப்பேட்டு நூலில் இருக்கிறது. பதினான்கு பதினான்காகத் தலைமுறைகளை அடுக்குவது அவருக்கு வேண்டியிருந்தது. லூக்காவின் பட்டியலோ வேறு பெயர்களோடு ஆதாம்வரை ஏறுகிறது. இரண்டையும் உண்மை என்று ஏற்கும் நமக்கு, பதிவேட்டு உண்மையும் விவிலியம் சொல்ல வந்த உண்மையும் ஒரே வகையானவை அல்ல என்று முன்பே தெரியும். ஆனாலும் ஆதாமைப் பற்றிய இறையியல் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முடியாத இடத்தை முடியாதது என்று சொல்வதில் நம்பிக்கைக்குக் குறைவு வராது.

ஆதாமைப் பற்றிய அந்தப் போதனை காக்க வந்த உண்மை எது என்பது தெளிவாகவே இருக்கிறது: மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம், ஒரே காயம், ஒரே மீட்பு. இதைத் தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் வரலாற்றில் எப்படிக் காத்தார்கள் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குச் சாதி பிரிவு இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. ஆதாம் ஒருவரா பலரா என்று பரிணாமத்தோடு சண்டை போடுபவர், பக்கத்துக் கல்லறையில் ஆதாமின் பிள்ளையைப் புதைக்க மறுத்தால், அந்தப் போதனையை மறுப்பவர் அவர்தான். ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், கே. தங்கராஜ் ஆகியோர் டேவிட் ரைக் குழுவினரோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய இந்தியக் குழுக்களில் பெரும்பாலானவை இரண்டு பழைய மக்கள்திரள்களின் கலப்பு என்று காட்டியது. 2013இல் வந்த தொடர் ஆய்வு, 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை அந்தக் கலப்பு பரவலாக நடந்தது, அதற்குப் பிறகே குழுக்கள் தமக்குள் மட்டும் மணம்செய்யத் தொடங்கின என்றது. எல்லாரும் கலந்தவர்கள், பிறகு கதவை அடைத்துக்கொண்டார்கள். பரிணாம அறிவியல் கொடுத்த கருவிகளால் கிடைத்த இந்த உண்மை, நம் மறைக்கல்வியின் பக்கத்தில்தான் நிற்கிறது.

இன்னும் ஓர் ஆட்சேபம் உண்டு, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பரிணாமம் நடந்த வழி பசியும் நோயும் சாவும் நிறைந்தது; வாழ்ந்த இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன; அன்பான கடவுள் இப்படியா படைப்பார்? வடிவமைப்புக் கொள்கைக்கு இது இன்னும் பெரிய சிக்கல் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே திட்டமிட்டுச் செய்பவர், மலேரியாக் கிருமியையும் தனியே திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டும். தங்கள் இயல்பின்படி தாங்களே இயங்கும் உயிர்களைப் படைத்தார் என்று சொல்லும்போது, அந்த இயக்கத்தில் முட்டலும் மோதலும் வருவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அழுகிற தாய்க்கு அது போதாது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று பவுல் உரோமையருக்கு எழுதியதையும், பட்டியலில் உரியாவின் கொலை மறைக்கப்படாமல் நிற்பதையும், அந்தப் பட்டியலின் முடிவில் வந்தவர் சிலுவையில் தொங்கியதையும் சேர்த்துத்தான் கத்தோலிக்கர் இதைப் பார்க்கிறார்கள். வேதனைக்கு வெளியே நின்று திட்டம் போட்ட கடவுளை நாங்கள் அறிவிக்கவில்லை.

நடைமுறையில் இது எங்கே வந்து நிற்கிறது என்றால், பள்ளிக்கூடத்தில். 2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவர் டார்வினின் கோட்பாடு தவறு, அதைப் பாடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றபோது, சி.வி. ராமன் நிறுவி பெங்களூரிலிருந்து இயங்கும் இந்திய அறிவியல் அகாதெமி உட்பட மூன்று அகாதெமிகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்ற பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்பு தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அது மிஞ்சியது. இந்தக் காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் என்ன செய்யும் என்பது முக்கியம். பெங்களூர் புனித சூசையப்பர் கல்லூரியின் இயேசு சபைக் குரு செசில் சல்தானா, ஹாசன் மாவட்டத்தின் தாவரங்களை டான் நிக்கல்சனோடு சேர்ந்து 1976இல் ஒரு பெருநூலாகத் தந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரகத்தை எழுப்பிய குரு கே.எம். மேத்யூ தமிழகத்தின் கர்நாடிக் பகுதித் தாவரங்களை அதேபோல் வகைப்படுத்தினார். காட்டில் நடந்து இலை பறித்து, இனத்தோடு இனம் ஒப்பிட்டு, காலையில் திருப்பலி நிறைவேற்றியவர்கள் இவர்கள். இந்த மரபு உள்ள நிறுவனங்கள் பத்தாம் வகுப்பில் பரிணாமத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குவதற்கு எந்த வாரியத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பாடநூலில் இல்லாததை ஆசிரியர் சொல்லித்தரத் தடையில்லை. அறிவியல் ஆசிரியர் ஊதாத் தவளையிலிருந்து தொடங்கட்டும். அதே பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவர், தொடக்கநூலின் முதல் அதிகாரத்தோடு மத்தேயுவின் முதல் அதிகாரத்தையும், ஒரு பெயரும் விடாமல், எடுத்து வைக்கட்டும்.